ஒருவர்கூட உட்காரவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் முதலில் எழுது. போன தடவை "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை எழுதி முடித்துவிட்டாய். இருப்பது தெரியும், எப்படி இருக்கிறாய் என்றுதானே கேட்டேன். போனில் கேட்கலாம் என்றால் இந்த வீட்டில் என் மாமியாருக்குக் கண்ணுக்கு முன்னால் காது விழித்துக்கொள்ளும். கடிதம்தான் நமக்குச் சரி.

அத்தைக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. காலையும் மாலையும் நான்தான் ஊசி போடுகிறேன். "நீ மனுஷிக்குப் போடுறியா, மிஷின்ல துணி தைக்கிறியா"ன்னு கேட்கிறார். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துத் தைத்து என் கை அப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய.

எங்கள் சபையின் பழைய போதகர் முடியாமல் ஓய்வெடுத்துக்கொண்டார். புது ஆள் தேடுகிறார்கள். என் வீட்டுக்காரர்தான் சபைச் செயலாளர் ஆயிற்றே, வீட்டில் கால் தரிப்பதில்லை. போன ஞாயிறு ஒருவர் வந்து பிரசங்கம் செய்து காட்டினார். தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் முகம் கீழே கவிழ்த்து வைத்தார். "அவருக்கு முன்னால நமக்கு ஏது மணி" என்றார். ஆண்களே கண்ணைத் துடைத்தார்கள். மதியம் நம் வீட்டில்தான் சாப்பாடு. உள்ளே வந்ததும் "இந்த வீட்ல உடம்புக்கு முடியாதவங்க யாரு?" என்று கேட்டு, நேரே அத்தையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே போனாலும் நோயாளி இருக்கும் வீட்டைத்தான் முதலில் கேட்பாராம்.

முன்னே உங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் இருந்தாராம். உனக்குத் தெரிந்தவராக இருக்காது என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கச்சி


ஜனவரி 15

தங்கச்சி,

நான் நலம். எல்லோர் நலமும் கேட்டேன் என்று சொல்.

அந்தக் கடிகாரத்தை எனக்குத் தெரியும். கறுப்புப் பட்டை, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும். என் வீட்டு மேசைமேல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என் பிள்ளை குருவியின் தலையில் கை வைத்தான். சாவுக்கு நீ வந்தபோது அவன் வரவில்லை. அதனால் உனக்கு முகம் தெரியாது.

குருவிக்குப் பத்து வயதில் சர்க்கரை வந்தது. அவளுக்கு வந்தது உன் மாமியாருக்கு வந்த மாதிரி இல்லை. ஊசி இல்லாவிட்டால் அவள் உடம்பு ஒரு வாரம் தாங்காது என்று டாக்டர் என்னிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஊசியோடு படித்தாள், ஊசியோடு வேலைக்குப் போனாள். பத்தொன்பது வயதுவரை அதைக் குறை என்று நினைக்கவில்லை. அவன் வந்துதான், "உன்னை உண்டாக்கினவரை நம்புறியா, ஊசியை நம்புறியா?"ன்னு கேட்டான். சபையில் எல்லோர் முன்னாலும் கொண்டுபோய் ஊசியை வைத்தாள். கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறு அவள் இல்லை.

மாப்பிள்ளையிடம் சொல். இன்றைக்கே சொல். சபைக்கு எடுக்கும் முன்னால் ஒரு ஆளை விசாரிக்க வேண்டும் இல்லையா. வாடகைக்கு வீடு கொடுக்கிறவன்கூட நாலு இடத்தில் கேட்கிறான்.

அத்தையின் ஊசியை நீயே வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா. பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது, தையல் வேலை தலைக்குமேல்.

அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். உடனே உங்கள் சபை மூப்பருக்குப் போன் போட்டு விசாரித்தார். மூப்பர், "நல்ல மனுஷன், ஜெப வீரர், எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல"ன்னு சொன்னாராம். போலீசில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றாராம். "எழுத்துல எதுவும் இல்லாம நான் கமிட்டியில எப்படிப் பேசறது? உங்க அக்கா பெத்த வயிறு, எரியத்தான் செய்யும். அதுக்கு ஒரு ஊழியக்காரனைப் பிடிச்சு நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

அந்தப் போதகர் மறுபடி வீட்டுக்கு வந்திருந்தார். அத்தைக்கு அவரைப் பார்த்தாலே தெம்பு.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அங்கே எப்படி?

தங்கச்சி


பிப்ரவரி 18

தங்கச்சி,

வெயிலுக்கு என்ன, அது வரும் போகும்.

சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு கேட்டு மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு முன்னால் இருக்கும் கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நல்ல மனுஷன்னு சொன்னீங்களாமே."

பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மா, உன் பொண்ணு போனதுக்கு அப்புறம் அவரை எப்படியாவது அனுப்பினாப் போதும்னு கிடந்தோம். உள்ளதைச் சொன்னா யார் எடுப்பா? நம்ம தலைமேலயே உட்கார்ந்திருப்பார்."

"அப்போ என் தங்கச்சி தலையில வெச்சுட்டீங்க."

"உன் தங்கச்சி அங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

தெரிந்திருந்தால் வேறு யார் தங்கச்சி தலையிலாவது வைத்திருப்பார். தன் வீட்டுப் பாம்பை அடிக்கப் பயந்து அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் விசாரணை.

போலீசுக்கும் நான் போனவள்தான். "பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு, அவளே கொண்டுபோய் வெச்சா, இதுல யாரைப் பிடிக்கிறது"ன்னு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எழுத்தில் ஒன்றும் இல்லை.

நீ ஒன்று செய்யலாம். நாம் வளர்ந்த சபையில் போதகர் பெயரை வாசிக்கும்போது, வேண்டாம் என்கிறவர்கள் எழுந்து நிற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா. ஒருவர் எழுந்தாலும் அன்றைக்கு நிறுத்திவைத்து, காரணம் கேட்டு, பிறகுதான் எடுப்பார்கள். நான் உங்கள் சபை உறுப்பினர் இல்லை, வந்து நின்றாலும் வெளியே அனுப்புவார்கள். நீ உறுப்பினர். எப்போது வாசிக்கிறார்கள்?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தைக்குக் காலில் ஒரு சின்னப் புண், ஆறிவிடும் என்கிறார்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு வாசிக்கிறார்களாம். இங்கேயும் எழுந்து நிற்பதுதான் வழக்கம்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இந்த வீட்டில் இருக்க வேண்டியவள். அவரைக் கூட்டிவந்தது என் புருஷன். என்னால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் கடையில் உப்பு கேட்கவே நீதானே என்கூட வருவாய்.

உன் வலி எனக்குத் தெரியாமல் இல்லை.

தங்கச்சி


மார்ச் 26

தங்கச்சி,

உன் வலி எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். தெரியாது. இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

ஊசியை விட்ட இரண்டாம் நாள் தாகம் தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தாள். ஓடி ஓடி வெளியே போனாள். அவன் வந்து பார்த்து, "பழைய சரீரம் கழுவப்படுது, பயப்படாதீங்க" என்றான். மூன்றாம் நாள் வாந்தி. அவள் வாயில் கனிந்த பழ வாசனை வந்தது. சபைப் பெண்கள், பரலோக வாசனை என்றார்கள். எனக்குத் தெரியும் அது என்ன என்று, சின்ன வயதில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் அந்த வாசனையோடுதான் அவளைச் சேர்த்தேன். ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். பெற்றதிலிருந்து என்னை ஒரு நாள் எதிர்த்துப் பேசாத பிள்ளை. "அம்மா, என் விசுவாசத்தைக் கெடுக்காதே, கால்ல விழறேன்" என்றாள். மூச்சு ஓடி வந்தவள் மாதிரி வாங்கியது. வண்டி கூட்டிவந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு பாடினார்கள். நானும் வண்டிக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் அவர்களைத் தள்ளிக்கொண்டு அவளைத் தூக்கி வந்தோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விசுவாசம் குறைவாக இருந்தது என்று அவளைத்தான் சொன்னார்கள்.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரில் நிற்கிற பெண் குருவி வயதுதான். தினமும் விரிப்பின் அந்த நுனியை அவள் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வருகிறாள். தினமும் பார்க்கிறேன்.

வாய் திறக்க வேண்டாம். கடையில் உப்பு கேட்கிற மாதிரிகூட இல்லை. சும்மா எழுந்து நில். மற்றதை நின்ற காலே பேசும். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன்.

மற்றபடி விசேஷம் எதுவும் இல்லை. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி


ஏப்ரல் 22

என் தங்கமே,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பிள்ளைகுட்டி நன்றாக இருக்க வேண்டும். உன் மாமியார் நூறு வயது இருந்து உன்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வேலையிடத்தில் பிரித்தேன். மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வைக்காரம்மா, "என்ன, மயக்கமா?" என்றார். இல்லை, என் தங்கச்சி எழுந்து நின்றாள் என்றேன். "அதுக்கு நீ ஏன் உட்கார்ந்தே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அன்றைக்குப் படுத்ததும் தூங்கிப்போனேன்.

நீ நின்றதும் என்ன சொன்னார்கள்? அவன் முகம் எப்படி ஆனது? காரணம் கேட்டார்களா? போய்விட்டானா? எல்லாவற்றையும் எழுது. மாப்பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டேன். பெண்டாட்டியைப் பக்கத்திலிருந்து எழவிட்டாரே, அதுவே பெரிய மனசு. இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல், என் நன்றியை என் கையெழுத்திலேயே பார்க்கட்டும்.

அக்கா


ஜூன் 3

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலனுக்காக நாங்கள் தவறாமல் ஜெபிக்கிறோம்.

நீங்கள் எழுதிய கடிதத்தை உங்கள் தங்கை என்னிடம் தரவில்லை. மேசை இழுப்பறையில் வேறு எதையோ தேடியபோது கிடைத்தது. எனக்கும் எழுதியதாக இருந்ததால் படித்தேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எங்கள் சபையில் முறை வேறு. போதகரை ஏற்றுக்கொள்கிறவர்கள்தான் எழுந்து நிற்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கலாம், அவர்களிடம் பிறகு தனியாகக் கேட்போம். அன்று ஒருவர்கூட உட்காரவில்லை. உங்கள் தங்கை எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவர் ஏப்ரல் கடைசியிலேயே பொறுப்பேற்றுவிட்டார்.

உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு ஊழியக்காரர்மேல் ஆதாரமில்லாமல் பழி சொல்வது நல்லதல்ல. அவருடைய ஜெபத்தால் என் தாயார் இப்போது மருந்து இல்லாமலே தெம்பாக நடமாடுகிறார். நீங்களும் ஒரு முறை வந்து அவரைச் சந்தித்தால் மனம் ஆறும்.

அன்புடன்,
தங்கள் தங்கையின் கணவர்


ஜூன் 8

தங்கச்சி,

சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் சுகம் என்று எழுதுவாய்.

ஏன் நின்றாய் என்றும் கேட்க மாட்டேன். நில் என்று எழுதியவள் நான்தான். உட்கார்ந்திரு என்று எழுதியிருந்தால் உட்கார்ந்திருப்பாயா என்றும் தெரியவில்லை. இதை யோசித்து என்ன ஆகப்போகிறது.

மருந்து இல்லாமலே என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அத்தையின் ஊசி எங்கே? அது ஒன்றைத்தான் கேட்கிறேன். தாகம் இருக்கிறதா? அந்தக் கால் புண் ஆறிவிட்டதா, கறுத்துவிட்டதா? நீ சொல்லி அவர் கேட்க மாட்டார். டாக்டரை வீட்டுக்குக் கூட்டி வா. சண்டை வந்தால் வரட்டும். திட்டினால் திட்டு வாங்கிக்கொள், திட்டுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

கமிட்டியில் உள்ள எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. கடவுளின் ஆளைக் கேள்வி கேட்டால் கடவுளையே கேட்டது மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள் போல. நான் கடவுளிடமே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எழுது. ஒரு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

இரண்டு மாதமாக உனக்கு எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

போதகர் பொறுப்பேற்றதிலிருந்து அத்தை ஊசிக்குக் கை நீட்டவே இல்லை. ஜூலையில் சமையலறையில் விழுந்துவிட்டார். நினைவு இல்லை. என் வீட்டுக்காரரும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை எங்கேயோ இருந்தது. புண் உள்ளே போய்விட்டதென்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் முதல் வார்த்தை, "காலைத்தானே எடுத்தாங்க, நாக்கு இருக்குல்ல?" என்றார். இப்போது ஊசிக்குக் கையை அவரே நீட்டுகிறார். மறுபடி காய்ச்சல் வந்து இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். போதகர் ஒரு தடவை வந்தார். அத்தை சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அக்கா. ஒன்றுமே செய்ய வேண்டாம். எல்லோரும் எழுந்தார்கள், என்னைச் சுற்றி இருட்டு மாதிரி ஆயிற்று, என் வீட்டுக்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். எழுந்துவிட்டேன். பிறகு நீ சொன்ன வார்த்தையை வைத்தே உன்னை ஏமாற்றினேன். அதைத் தெரிந்துதான் எழுதினேன்.

கமிட்டி கூடியது. போதகரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம், வேறு இடத்திலிருந்து கேட்டால் நல்லபடியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு. "நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அம்மாவின் போர்வை தட்டையாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று அவர் ஆஸ்பத்திரியில் அத்தையோடு இருந்தபோது வீட்டுப் போன் அடித்தது. வேறு ஊர்ச் சபையிலிருந்து ஒரு அம்மா. போதகரைப் பற்றிச் செயலாளரிடம் விசாரிக்க வேண்டுமாம். நான் அவர் சம்சாரம் என்றேன். குருவியைச் சொன்னேன், அத்தையைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இதைப் பொறுப்புல இருக்கிற யாராவது சொன்னா நல்லா இருக்குமேம்மா" என்றார். பொறுப்பில் இருக்கிற யாரும் சொல்ல மாட்டார்கள், பெற்றவளிடம் கேளுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவார்களா, தெரியாது.

என்னை நீ மன்னிக்க வேண்டாம்.

தங்கச்சி


ஆகஸ்ட் 27

தங்கச்சி,

நலம். அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? கையை நீட்டுகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இரு.

உன் கடிதம் காலையில் வந்தது. மத்தியானமே அந்த அம்மா கூப்பிட்டார். மிஷின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே துணி காயும் இடத்துக்குப் போனேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்பார் என்று இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஊசியை விட்டு எத்தனாவது நாள்ங்க பொண்ணுக்கு முடியாம போச்சு?"

இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"எங்க சின்னவனும் ஊசி போடுறவன்தான். பன்னிரண்டு வயசு. முந்தாநேத்து பிரசங்கம் முடிஞ்சு அவர் எங்க வீட்லதான் சாப்பிட்டார். பையனோட தனியா ஜெபம் பண்ணினார். நேத்திலிருந்து பையன் தண்ணியா குடிக்கிறான்."

எனக்குக் கால் ஓடியது, போவதற்குத்தான் இடம் இல்லை.

"அம்மா, போனை வைக்காதீங்க. அப்படியே போய் அவன் ஊசி எங்க இருக்குன்னு பாருங்க. கமிட்டி எல்லாம் அப்புறம்."

நடக்கிற சத்தம் கேட்டது. ஏதோ கதவு திறந்தது. அந்தப் பையனை அதட்டுகிற சத்தம். அவன் அழுகிற சத்தம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. உள்ளேயிருந்து மேற்பார்வைக்காரம்மா கூப்பிட்டார், நான் போகவில்லை.

"கட்டிலுக்கு அடியில, சட்டைக்குள்ள சுத்தி வெச்சிருந்தான்" என்றார் திரும்பி வந்து. மூச்சு வாங்கியது அவருக்கு.

"வாய்ல என்ன வாசனைன்னு பாருங்க."

பார்த்தார். சொன்னார்.

ஊசியை உடனே போட்டுவிட்டு, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். "என் கையைத் தட்டிவிடறான்ங்க" என்றார். அவர் அழுதுவிட்டார்.

"தட்டட்டும். இன்னொரு ஆளைக் கூப்பிட்டுப் பிடிச்சுக்கிட்டுப் போடுங்க. பன்னிரண்டு வயசுதானே, உங்களால தூக்க முடியும்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். போட்டார். அது எனக்குக் கேட்டது.

அக்கா